கண்ணாடிக்காரர் வீட்டு மாப்பிள்ளை

ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டித் தருவது கண்ணாடிக்காரரின் தொழில். கோடு கிழித்து, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால், சொன்ன இடத்தில் சொன்னபடி உடையும். உலகத்தில் தன் பேச்சைக் கேட்பது கண்ணாடி மட்டும்தான் என்பார். மனைவி அதை மறுத்ததில்லை.

ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் ஊரைக் காலி செய்த வாடிக்கையாளர் ஒருவர், உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஆமையை அவரிடம் விட்டுப் போனார். இவர் மிச்சம் விழுந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் தொட்டி செய்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி அதை விட்டார். கொஞ்ச நாளில் ஆமை சாப்பாட்டைத் தொடவில்லை. ஓடு வெளுத்துப் பிசுபிசுத்தது.

"இது மீன் இல்லங்க" என்றார் கால்நடை மருத்துவர். "நீஞ்சத் தண்ணி வேணும், ஏறி உலர ஒரு மேடும் வேணும். மேல சூடா லைட்டு போடுங்க. வெயிலும் காட்டுங்க."

எல்லாம் செய்தார். ஆமை தேறியது. மேடையில் ஏறி, பின்னங்கால்களை நீட்டி, விளக்கடியில் கண்மூடிக் கிடந்தது.

"உக்கார மேடை, தலைக்கு மேல லைட்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு" என்றார் மனைவி. "நம்ம மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்யலயே."

அன்றிலிருந்து ஆமை, மாப்பிள்ளை ஆனது.

அசல் மாப்பிள்ளை அச்சகத்தில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார், ஒரு சொல் பொறுக்கவும் மாட்டார். மாமனார் ஆமை வளர்ப்பது அவருக்குத் தெரியும், அதன் பெயர்தான் தெரியாது. விருந்துக்கு வந்த இடத்தில், மகள் கடைக்குப் போயிருந்தபோது, கொல்லைப்புறப் பேச்சு அவர் காதில் விழுந்தது.

"மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போட்டாச்சா?"

"போட்டேன். இன்னும் வாயப் பொளந்துட்டு நிக்கிறாரு. கிட்ட போக முடியல, அப்படி ஒரு நாத்தம்."

"பிரஷ்ஷ எடு, முதுகத் தேய்ச்சு விடறேன். போன வாட்டி கடிக்க வந்தாரு."

"பேசாம எங்கயாவது குளத்துல விட்டுட்டு வந்துடுங்க."

"அங்க பொழைக்கத் தெரியாது, பாவம். நம்ம தலையில விழுந்துட்டாரு, என்ன பண்றது?"

மாப்பிள்ளை தன் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எதிரே மகள் வந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"குளத்துக்கு."

சத்தம் கேட்டு மாமனார் ஈரக் கையோடு ஓடி வந்தார். "நில்லுங்க மாப்பிள்ளை" என்றார். அவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்து மாப்பிள்ளை இரண்டடி பின்வாங்கினார். பின்னாலேயே மாமியார் ஆமையைத் தூக்கிக்கொண்டு வந்தார். விஷயத்தை மகள்தான் பிட்டுப் பிட்டு வைத்தாள். மாமியாருக்குப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தொட்டியருகே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "நாத்தம் தண்ணியிலதான் மாமா. ஃபில்டர் வைக்கணும்" என்றார். சாயங்காலமே தானே வாங்கி வந்து மாட்டினார். அதன்பின் அவர் அடிக்கடி வரத் தொடங்கினார். மகளுக்குத்தான் சற்றே பொறாமை.

ஆமை சோற்றுத்தட்டு அளவுக்கு வளர்ந்தது. ஒருநாள் வெயில் காட்ட வெளியே விட்டபோது, பூச்செடி மண்ணைப் பின்னங்காலால் தோண்டி, உள்ளே வெள்ளை வெள்ளையாக எதையோ இட்டது. கண்ணாடிக்காரர் முதல் வேலையாக அச்சகத்துக்குப் போன் போட்டார்.

"மாப்பிள்ளை, ஒரு சமாசாரம். மாப்பிள்ளை முட்ட போட்டிருக்காரு."

மறுமுனையில் மாப்பிள்ளை அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"எந்த மாப்பிள்ளை மாமா?" என்று கேட்டார் அவர். எதற்கும் உறுதி செய்துகொள்வது நல்லது என்று நினைத்திருப்பார்.