இரண்டு பைட்டில் அடங்காத சுற்று

எங்கள் டீம் லீடர் அனுப்பிய அந்த நிரல் மாற்றம் காலை முழுவதும் என் திரையில் திறந்தே கிடந்தது. மொத்தம் நாலு வரி. கீழே ஒப்புதல் தர ஒரு பச்சைப் பொத்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அவர் எழுதியதைச் சரிபார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

பனியன் துணி பின்னும் திருப்பூர் நிட்டிங் யூனிட்களுக்கு மென்பொருள் செய்வது எங்கள் தொழில். ஒவ்வொரு மெஷினும் எத்தனை சுற்று ஓடியது என்பதை எங்கள் சாக்கெட் சர்வர் விடாமல் கேட்டு வாங்கும். செய்தி சிறியதாக இருக்கட்டும் என்று லீடர் அந்த எண்ணை நாலு பைட்டிலிருந்து இரண்டாகக் குறைத்திருந்தார். இரண்டு பைட்டில் 65,535 வரைதான் அடங்கும். அடுத்த சுற்றில் மறுபடி பூஜ்யம். ஒரு ரோல் துணி இறங்கியதும் சுற்றை எண்ணும் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிடுவார்கள், அத்தனை தூரம் போகாது என்று அவர் நினைத்திருந்தார். ஒரு ஷிப்ட் ஓட்டிப் பார்த்த சோதனையும் தேறியிருந்தது. மறுநாள் ஒரு யூனிட்டில் ஏற்ற வேண்டும்.

எனக்கு ஏதோ உறுத்தியது. அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இருபது வருடமாக நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். மதியம் அவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏட்டி, ரோலுக்கு ரோல் எவன் சைபராக்குதான்? வெள்ளிக்கெழம பூசைக்குத் தொடைக்கும்போதுதான் ஆக்குவோம்."

அப்படியானால் வாரத்தின் நடுவில் எண் திடீரென்று விழும். அந்த ஷிப்டில் நின்றவர் ஒன்றுமே ஓட்டவில்லை என்று முதலாளியின் திரை சொல்லும். அப்படிப் பேச்சு வாங்குகிறவர் என் அப்பாவாகவும் இருக்கலாம்.

பொத்தானை அழுத்தாமல் லீடரிடம் போய் நின்றேன். அதிகம் பேசாதவர், அவர் எழுதியதில் யாரும் குறை சொல்லி நான் கண்டதில்லை. அப்பா சொன்னதைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் அந்த யூனிட்டில் மெஷின்களைப் பராமரிக்கும் பிட்டருக்குப் போன் போட்டார், எல்லோர் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில்.

"ஏனுங்க, மூணாம் நம்பர் மெஷின் மீட்டர்ல இப்ப எவ்வளவு நிக்குதுங்க?"

"ஒரு லட்சத்து எம்பதாயிரத்தத் தாண்டிருச்சுங்க. நாளைக்குப் பூசை போட்டுத்தானுங்க சைபர் பண்ணுவோம்."

லீடர் சிரித்துவிட்டார். "மெஷினப் போய்ப் பாக்காமயே எழுதிப்போட்டேன் கண்ணு. உங்கப்பாகிட்டச் சொல்லு, ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வந்து காப்பி குடிக்கறேன்னு."

மாற்றத்தின் அடியில் 'தவறு என்னுடையது' என்று எல்லோரும் பார்க்க எழுதிவிட்டு, எண்ணை நாலு பைட்டுக்கே திருப்பினார்.

லீடர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். நான் தினமும் பலருடைய மாற்றங்களைப் பார்க்கிறேன். அத்தனை லேசாகத் தன் தவறை ஏற்றுக்கொள்கிறவர்கள் குறைவு. அன்று இதெல்லாம் முடிந்து மூன்று மணிக்குத்தான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஆறிப்போன தக்காளிச் சாதம். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.