ரிலீவர் வராத ஷிப்ட்

கலியபெருமாள் வியாழக்கிழமை அதிகாலை தம் வீட்டில் காலமானார். காரணம் மாரடைப்பு. வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவர் அப்படிச் சொன்னதாக அவருடைய மகன் அருள் அன்று பிற்பகல் என்னிடம் உறுதிப்படுத்தினார்.

இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. அவரைப் போலவே வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் முத்துலட்சுமி என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணாச்சி போயிட்டாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் நெய்வேலியின் வாட்ஸ்அப் குழுக்களில் வேறு கதைகள் சுற்றத் தொடங்கிவிட்டன. மனைவி அவரை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டார் என்றது ஒன்று. அந்த வீட்டில் மாடிப்படியே இல்லை. சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்துவிட்டார் என்றது இன்னொன்று. அந்த வீட்டில் சமைத்தவர் கலியபெருமாள்தான். அனுப்பியவர்களில் இரண்டு பேரை அழைத்து, யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்க" என்றார்கள்.

நடந்தது இதுதான். அவர் விழுந்ததும் உதவிக்கு ஓடியவர் மனைவி வசந்தா. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் உடனே திறக்கவில்லை. "எப்பவும் போல எதோ சத்தம் போட்டுகினு இருக்காங்கன்னு வுட்டுட்டோங்க" என்று அந்த வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். மறைக்காமல் சொன்னார், அந்த அளவில் நன்றி. உடனே திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனவே நானும் சொல்லவில்லை.

கலியபெருமாளை அறியாதவர்களுக்குச் சில வரிகள். சுரங்கத்தில் மண்ணை வெட்டி எடுக்கும் பெரிய சக்கர இயந்திரத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் வடலூர் சாலையில் ஒரு சின்ன வீட்டில் மனைவியுடன் இருந்தார். மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது வசந்தாவுக்கு மனச்சிதைவு நோய் வந்தது. மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் அவருக்குக் கேட்கும். அன்றிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டவர் கணவர். உடன் பிறந்தவர்கள் அவரவர் பங்குக்கு வந்து, இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். எந்தக் கோயிலுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். ஒரு நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரும் சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

நான் அவரை முதலில் சந்தித்தது செய்திக்காக. மனநோயாளிகளின் குடும்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. கதவைத் திறந்தவர் என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"யாரைப் பத்தி எழுதப் போறீங்க நிருபரே? வசந்தாவைப் பத்தின்னா அதைக் கேட்டுகினு எழுதுங்க. அதுக்கு வாய் இருக்குது."

"உங்களைப் பற்றி."

"வேணாங்க. தியாகின்னு தலைப்பு வெப்பீங்க."

"வேற என்ன எழுதணும்னு சொல்லுங்க."

"செவ்வாக்கெழம மத்தியானம் ரெண்டு மணி நேரம் ஆளு தேவைன்னு போடுங்க. கடைசி பக்கத்துல போட்டாலும் சரி."

கட்டுரை வெளிவந்தது. தலைப்பில் ஆசிரியர் குழு 'தியாகம்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தது. கலியபெருமாள் அதைப் படித்துவிட்டு என்னிடம் கோபிக்கவில்லை. "செவ்வாய்க்கு யாரும் வரல. நீங்க வரீங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்படித்தான் செவ்வாய்க் கிழமை பிற்பகல் என்னுடையது ஆனது.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் ஆபரேட்டர் இறங்கிப் போய்விட முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், ஏறி வந்து நிற்க வேண்டும். அவரிடம் இயந்திரம் எப்படி இருக்கிறது என்று வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். எங்கே சத்தம் வருகிறது, எது சூடாகிறது, எதைத் தொடக்கூடாது. ரிலீவர் வரவில்லை என்றால் டபுள் டூட்டி. நெய்வேலியில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். வீட்டுக்குள் மட்டும் இந்த வழக்கம் ஏன் நுழையவில்லை என்பதுதான் கலியபெருமாளின் கேள்வி.

"மெஷினுக்கு ரிலீவர் வரலன்னா சூப்பர்வைசர் போன் மேல போன் போடறான். எங்கூட்ல புள்ள பள்ளிக்கூடம் போன காலத்துலேருந்து டபுள் டூட்டி. ஒரு பய கேக்கல" என்பார்.

அவர் செய்த வேலை அவ்வளவுதான். இவரைப் போல வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களைத் தேடிப் பிடித்தார். மருந்துக்கடை வரிசையில், மருத்துவமனைப் பெஞ்சில், பஸ் நிறுத்தத்தில். தென்காசிப் பக்கமிருந்து வந்த முத்துலட்சுமி தம்பியைப் பார்த்துக்கொள்கிறவர். எலெக்ட்ரிக்கல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற தங்கராசு மகனைப் பார்த்துக்கொள்கிறவர். இப்படிச் சில குடும்பங்கள். ஒருவர் வீட்டில் இன்னொருவர் இரண்டு மணி நேரம் உட்கார்வது. அந்த நேரத்தில் வீட்டுக்காரர் வெளியே போய்விட வேண்டும். எங்கே போகிறார் என்று கேட்கக்கூடாது. வாசலில் ஒப்படைப்பு கட்டாயம்: சாப்பிட்டாச்சா, தூங்கினாங்களா, இன்றைக்கு எதைப் பேச வேண்டாம்.

முதல் வாரம் முத்துலட்சுமி வெளியே போகாமல் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ரிலீவராக வந்த கலியபெருமாள், "எம்மா, நீ இங்கியே இருந்தா நான் எதுக்கு வந்தேன்? போய் பஸ் ஸ்டாண்ட்லயாவது உக்காரு" என்று விரட்டினார். அவர் உண்மையிலேயே பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். "எங்க போகணும்னு தெரியல அண்ணாச்சி. பழக்கம் விட்டுப் போச்சு" என்றார்.  

தங்கராசு செய்த வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய முதல் நாளில் வசந்தா அண்ணி, மின்விசிறிக்குள்ளிருந்து யாரோ பேசுகிறார்கள் என்று சொன்னார். நாற்பது வருடம் மின்சார வேலை பார்த்த மனிதர். ஸ்டூல் போட்டு ஏறி, விசிறியைக் கழற்றி, தரையில் வைத்துப் பிரித்துக் காட்டிவிட்டார். கலியபெருமாள் திரும்பி வந்தபோது கூடத்தில் இறக்கைகள் தனியாக, மோட்டார் தனியாகக் கிடந்தன. சித்திரை மாதம்.

"உள்ள ஒண்ணுமில்லைன்னு அண்ணிக்கு நிரூபிச்சிட்டேங்க" என்றார் தங்கராசு.

வசந்தா அண்ணி பாயில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லைன்னு எனக்கும் தெரியுங்க. பேசறது நிக்கலையே. இப்ப காத்தும் நின்னு போச்சு" என்றார்.

கலியபெருமாள் சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. அந்த வீட்டில் கேட்ட சத்தங்களில் அதையும் சேர்த்துத்தான் கணக்கு வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அதன்பிறகு, பொருளைப் பழுது பார்க்கக்கூடாது, ஆளோடு உட்கார வேண்டும் என்பது புது ரிலீவர்களுக்கு முதல் விதியானது.

இனி எனக்குப் பொறுமை குறையும் பகுதி. குடியிருப்போர் மன்றம் ஒன்று அவரைப் பாராட்ட முன்வந்தது. அவர் முதலில் மன்றத்திடம் கேட்டது பாராட்டு அல்ல. வாரம் ஒரு மாலை, மன்றத்தின் பின்னறை, குடும்பங்கள் சேர்ந்து உட்கார்ந்து பேச. அறையை எதற்கும் பயன்படுத்துவதில்லை. உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. "நோயாளிங்க வருவாங்களா?" என்று கேட்டார்கள். "நாங்க வருவோம். எங்களுக்கும் பயப்படறீங்களா?" என்று கேட்டார். செயற்குழுவில் வைப்பதாகச் சொன்னார்கள். செயற்குழு பொங்கல் விழாவைப் பேசியது, கோலப்போட்டியைப் பேசியது, வாகன நிறுத்தத்தைப் பேசியது. அறை வரவில்லை, பொன்னாடை வந்தது.

மேடையில் பேச்சாளர்கள் 'தாயுமானவர்' என்றார்கள், 'வாழும் தெய்வம்' என்றார்கள். அப்போது அவருக்குக் கடைவாய்ப் பல் வலி, பல வாரங்களாக. பல் மருத்துவரிடம் போய் உட்கார நேரம் அமையாமல் கிராம்பை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியைக் கொடுத்ததும் சொன்னார்:

"சால்வை போத்த பத்து பேரு வந்துருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். அதுல ஒருத்தரு நாளைக்கு காலைல என் வூட்ல வந்து உக்காந்தீங்கன்னா நான் போயி பல்லைப் புடுங்கிகினு வந்துடுவேன்."

அரங்கம் சிரித்தது, கை தட்டியது. நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். மறுநாள் காலை போய் உட்கார்ந்தவர் முத்துலட்சுமி. அவர் மேடையிலும் இல்லை, அழைப்பிதழிலும் இல்லை.

பல்லுக்கு இரண்டு மணி நேரம் போதும். இதயத்துக்குப் போதாது. நெஞ்சில் அழுத்தம் இருந்து மருத்துவரிடம் காட்டியதில், பாண்டிச்சேரிக்குப் போய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும், சில நாள் தங்க நேரலாம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் ஏற்பாட்டில் பகல் மட்டும்தான் உண்டு. இரவுக்கு யாராலும் முடியவில்லை, ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். வெளியூரில் இருக்கும் மகனால் விடுப்பு எடுக்க முடிந்தது அடுத்த மாதம்தான். அவருடைய தெருவில் எட்டு வீடுகளில் அவரே கேட்டார். ஒரு வீட்டில், "அந்தம்மா ராத்திரில என்ன பண்ணுவாங்களோ" என்றார்கள். "அது தூங்கும். நீங்க என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். சோதனையைத் தள்ளிப் போட்டார்.

"ரிலீவர் வராம எப்பிடிங்க எறங்கறது?" என்றார் என்னிடம், போன செவ்வாய்க்கிழமை. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அது. குரலில் வருத்தம் இல்லை, எரிச்சல் இருந்தது. சரியான இடத்தில் இருந்த எரிச்சல் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை நான் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தெரு நிறைய ஆட்கள். அவர் கேட்ட எட்டு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். மன்றத்திலிருந்து மாலை வந்திருந்தது. வசந்தா அண்ணியைக் காணவில்லை. வீட்டின் பின்னறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். கலியபெருமாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். கணவர் விழுந்ததைப் பார்த்து ஊரைக் கூப்பிட்டவரிடம்.

முத்துலட்சுமி கதவருகே போனார். கலியபெருமாளின் அக்கா, வளையமாதேவியிலிருந்து வந்தவர், குறுக்கே நின்றார்.

"வேணாம்மா. பாத்துட்டுக் கத்தினா சனங்க என்னா நெனைக்கும்?"

"புருஷன் செத்தா எல்லாரும் கத்தத்தான் செய்வாங்க. நீங்க கத்தலையா?"

"அதுக்குத் தாங்காது."

"தாங்குதா இல்லையான்னு அவங்களே சொல்லட்டும். தள்ளுங்க பெரியம்மா." முத்துலட்சுமி தாழ்ப்பாளைத் திறந்தார்.

வசந்தா அண்ணி நடந்து வந்தார். கூட்டம் விலகியது, தேவைக்கு மேலேயே விலகியது. கணவரின் அருகில் நின்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கத்தவில்லை. நிமிர்ந்து எங்களைப் பார்த்துக் கேட்டார்: "ரிலீவர் யாரு?"

 தங்கராசு முன்னால் வந்தார். "நான்தாங்க அண்ணி. இன்னிக்கு நான்."

வாசலில் கலியபெருமாள் தினமும் சொல்லும் அதே ஒழுங்கில், அதே வேகத்தில் அண்ணி சொன்னார். "காலைலேருந்து சாப்பிடல. மாத்திரை போடல. தூக்கம் இல்ல. ரூம்ல வெச்சு தாப்பா போட்டாங்க, அது வேணாம். அவ்ளோதான்." பிறகு கணவர் அருகில் தரையில் உட்கார்ந்து அழுதார்.

தம்மை ஒப்படைக்க ஆள் இல்லாமல், தம்மைத் தாமே ஒப்படைத்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் நிறைய பேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கலியபெருமாளுக்கு எழுப்ப வேண்டிய நினைவுச் சின்னம் பற்றி மன்றத்தில் பேச்சு தொடங்கியிருப்பதாகக் கேள்வி. உறுதிப்படுத்த முடியவில்லை. உறுதியானது இது: அவர் உயிரோடு கேட்டபோது கிடைக்காத இரவுகள் இப்போது கிடைக்கின்றன. கதவைத் திறக்கத் தாமதித்த பக்கத்து வீட்டுக்காரர் திங்கள் இரவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மனைவி கூட வந்து படுத்துக்கொள்வாராம். ஒப்படைப்பின்போது என்ன சொல்ல வேண்டும் என்று தங்கராசுவிடம் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். வரவேற்கிறேன். முன்பே செய்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கலியபெருமாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது செவ்வாய்க் கிழமை பிற்பகல். அதோடு, ஒருவரைத் தியாகி என்று எழுதுவதற்கு முன் அவருக்கு ரிலீவர் உண்டா என்று விசாரிக்கும் பழக்கம்.

நிலுவையில் இருப்பவை இவை. பின்னறைக் கோரிக்கை மன்றத்தின் அடுத்த செயற்குழுவில், வரும் மாத முதல் ஞாயிறு, வருவதாகச் செயலாளர் சொல்கிறார். அம்மாவைத் தம்முடன் அழைத்துப்போவதா, காப்பகத்தில் சேர்ப்பதா, இந்த வீட்டிலேயே இருக்கவிடுவதா என்பதைக் காரியம் முடிந்ததும் சொல்வதாக அருள் சொல்லியிருக்கிறார். இங்கேயே இருக்க விரும்புவதாக வசந்தா அண்ணி என்னிடம் சொன்னார். அதை அருளிடமும் சொல்லிவிட்டார். இரவுகளுக்கு ஆள் நின்றால் அது நடக்கும் என்கிறார் அருள். இதுவரை ஆறு இரவுகளுக்கு ஆள் இருக்கிறது. சனிக்கிழமை இரவுக்கு இல்லை. வெள்ளி மாலைக்குள் தெரிய வேண்டும்.