ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

ரோஜாவைக் கூப்பிட்டால் முதலில் அவள் கேட்பது, "கடைசியா எப்பண்ணா நல்லா ஓடிச்சி?" அடுத்தது, "அதுக்கப்புறம் யாரு, இன்னா மாத்துனீங்க?" இந்த இரண்டாவது கேள்விக்கு எங்கள் பக்கத்தில் இதுவரை ஒருவரும் உண்மையான பதில் சொன்னதில்லை. "ஒண்ணுமே மாத்தலம்மா, அதுவா நின்னுடுச்சி" என்போம். அவளும் தலையாட்டிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு, "சரி, எப்பவும் பண்ற மாதிரியே பண்ணிக் காட்டுங்க" என்பாள். செய்துகாட்டும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

நான் அரங்கநாதன். விழுப்புரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் இலவசக் கண் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாகப் பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். முன்கோபி என்று பெயர். ஒரு நாளைக்கு இருநூறு பேரிடம் பெயர், ஊர், வயது கேட்டு அட்டை போட்டுப் பாருங்கள், அந்தப் பெயர் உங்களுக்கும் வரும். எங்கள் பதிவு ப்ரோகிராமை எழுதியதும், அது படுத்துக்கொண்டால் வந்து எழுப்புவதும் ரோஜாதான்.

ரோஜாவின் கடை திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, வாசலில் ஒரு போர்டு. போர்டில் 'பழுது பார்க்கப்படும்' என்ற சொல் இருப்பதால் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவர்கள் உண்டு. சொந்த ஊர் கிளியனூர். அப்பா அம்மா இருவரும் செங்கல் சூளையில் வேலை பார்த்துத்தான் அவளைக் காலேஜில் படிக்க வைத்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனியில் நாலு வருடம் இருந்தாள். நாலு வருடமும் ஏதோ ஒரு வெப்சைட்டில் ஒரே ஒரு பட்டனைச் சரிபார்க்கும் வேலை. "அந்தப் பட்டன யாரு அமுக்குறாங்கன்னு ஒரு ஆளக்கூட நான் பார்த்தது இல்லண்ணா" என்று ஒருமுறை சொன்னாள். அதற்காக வேலையை விட்டு வந்தவளைப் பிழைக்கத் தெரியாதவள் என்று நான் நினைத்தேன். அவளிடமே சொல்லியும் இருக்கிறேன்.

அவள் வேலை செய்யும் விதத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட் போடும் ப்ரோகிராம் சரியாக நாற்பத்தோராவது பிள்ளை வந்ததும் நின்றுவிடும். வைரஸ் என்றார்கள், புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றார்கள். ரோஜா போய்ப் பார்த்தால், அந்தப் பிள்ளை பரீட்சைக்கு வரவில்லை. டீச்சர் மார்க் போடும் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் 'வரவில்லை' என்று அடித்திருக்கிறார். எண்ணை எதிர்பார்த்த ப்ரோகிராம் எழுத்தைக் கண்டதும் திகைத்து நின்றுவிட்டது. எல்லோரும் டீச்சரைப் பார்த்துச் சிரித்தபோது ரோஜா, "வராத புள்ளைக்கு ஒரு எடம் வெக்காம எழுதுனது ப்ரோகிராம் எழுதுனவன் தப்பு. டீச்சர் இன்னா பண்ணுவாங்க?" என்றாளாம். தன் வேலையிலும் அவள் அப்படித்தான். என்னைத் திட்ட ஆயிரம் காரணம் இருந்தும் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் திட்டுவாள். திரையில் ஏதாவது எழுதி வந்தால் நான் படிக்க மாட்டேன். ஓகே என்று இருக்கும் இடத்தை அமுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

போன ஜனவரியில் நான் அவளை ஒரு வேலைக்காக நச்சரித்தேன். டிரஸ்ட் ஊர் ஊராக நடத்தும் கண் முகாம்களில் ஒரே ஆள் ஒவ்வொரு முகாமிலும் புதிதாகப் பதிந்துகொண்டு நாலு அட்டை வைத்திருப்பார். எந்த அட்டையில் எந்த மருந்து எழுதியது என்று தேடுவதே பெரிய பேஜாராக இருந்தது. ஆதார் அட்டையை மறந்து வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது டிரஸ்டின் விதி, அதனால் அந்த எண்ணையும் நம்ப முடியாது. ரோஜா இரண்டு நாள் உட்கார்ந்து வழி செய்தாள். பெயர், இனிஷியல், ஊர், பிறந்த தேதி, போன் நம்பர் ஐந்தும் ஒத்துப்போனால் ப்ரோகிராம் புது அட்டை போடாது, பழைய அட்டையைத் திறக்கும். ஆனால் திறப்பதற்கு முன்னால், 'இவர்தானா அவர்?' என்று ஒரு கேள்வி கேட்கும்.

அந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல். "அஞ்சும் ஒண்ணா இருந்தா அதே ஆளுதானேம்மா? இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது? லைன் வாசல் வரைக்கும் நிக்குது. எடுத்துடு" என்றேன்.

"கேக்கறது நல்லதுண்ணா."

"கேட்டா நான் ஓகேதான் அமுக்கப்போறேன். எடுத்துடுமா."

அவள் கொஞ்சம் யோசித்தாள், பிறகு எடுத்துவிட்டாள். நான் அவளுக்கு ஒரு பாக்கெட் மிக்சர் வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் எல்லாம் சுமுகமாக ஓடியது.

ஜூலை மாதம் கெடாரில் நடந்த முகாமில் பார்த்து, வலது கண்ணில் சின்ன வயதிலிருந்தே பார்வை இல்லை, இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, உடனே அறுவை செய்ய வேண்டும் என்று சீட்டு எழுதி ஒரு அம்மாவை அனுப்பியிருந்தார்கள். பெயர் ச. லூர்துமேரி. நான் விவரங்களை அடித்தேன். பழைய அட்டை திறந்தது. 'இடது கண் அறுவை முடிந்தது, பிப்ரவரி' என்று இருந்தது.

"ஏம்மா, உனக்குத்தான் ஆப்பரேஷன் பண்ணியாச்சே?"

"எனக்கு எப்ப சார் பண்ணீங்க?"

"கம்ப்யூட்டர் சொல்லுது. மறந்துட்டியா?"

"கண்ணுல கத்தி வெச்சா மறந்துடுமா சார்?"

அறுவை செய்துகொண்டவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் கறுப்புக் கண்ணாடிக்காகவும் போர்வைக்காகவும் இரண்டாம் முறை வருகிறவர்கள் உண்டு. இந்த அம்மாவும் அந்த வகை என்று முடிவுகட்டி அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுக்கும்போது களை எது, செடி எது என்று தெரியாமல் செடியையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறாராம். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "நான் டாக்டரு இல்லம்மா, இங்க இன்னா எழுதியிருக்குதோ அதான்" என்று நான் மறுபடியும் திருப்பி அனுப்பினேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

மூன்றாம் முறை அவர் என் கவுண்டருக்கு வரவில்லை. கண் சிவந்து, தலை பிளக்கும் வலியோடு துடித்தவரை அவர் தெருவில் இருக்கும் செண்பகம் என்பவர் ஆட்டோவில் கொண்டுவந்து நேராக டாக்டர் அறைக்குள் நுழைந்துவிட்டார். எங்கள் டாக்டர் தையல்நாயகி கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். அறுவை நடந்த சுவடே இல்லை. புரை ஊதி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. முதலில் மருந்து கொடுத்து அழுத்தத்தை இறக்கிவிட்டு அறுவை செய்ய வேண்டும், பார்வை எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். அம்மாவை வார்டுக்கு அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு தடவ உங்ககிட்ட வந்திருக்காங்க. எப்படி இருப்பாங்க, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது ஒரு கை மட்டும்தான். கவுண்டர் விளிம்பைப் பிடித்திருந்த கை. நகத்தில் செம்மண் இருந்தது. "ப்ரோகிராம்ல தப்பு டாக்டர்" என்றேன்.

ரோஜா அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். வழக்கம்போல, "பண்ணிக் காட்டுங்கண்ணா" என்றாள். அடித்துக் காட்டினேன். பழைய அட்டை திறந்தது. திரையில் தப்பு என்று எதுவும் வரவில்லை. அவள் முகம் மாறிவிட்டது. "எரர் வந்தா தேடிடுவேன். எரரே வராம தப்பா போறதுதான் எனக்கு பயம்" என்று முணுமுணுத்தாள். வழக்கமாகச் சந்தேகப்படும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் எழுதியது எழுதியபடியே ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அட்டையில் இருந்த போன் நம்பருக்குப் பேசினாள். எடுத்தது வார்டில் உட்கார்ந்திருந்த செண்பகம். தெருவில் போன் இல்லாத எல்லோருக்கும் அவர் நம்பர்தானாம்.

"எந்த லூர்துமேரிய கேக்குறம்மா? பெரிய லூர்துவா, சின்ன லூர்துவா?"

இரண்டு பேர். பெரியவரின் அப்பா சவுரிராயன், சின்னவரின் அப்பா சவரிமுத்து, இருவருக்கும் இனிஷியல் ச. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்த வகுப்புக்கே ஹெட்மாஸ்டர் 1-6-1968 என்று எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும், அப்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், பிள்ளை என்றைக்குப் பிறந்தது என்று பெற்றவர்களிடம் எழுதி வைத்த கணக்கு ஏதும் கிடையாது. பிப்ரவரியில் அறுவை நடந்தது பெரிய லூர்துவுக்கு. ஐந்தும் ஒத்துப்போனதால் சின்ன லூர்துவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் போயிற்று.

ரோஜா எதையோ அடித்தாள். திரையில் ஒரு எண் வந்தது. ஜனவரியிலிருந்து முகாம்கள் வழியாக எங்களிடம் பதிந்த பதினோராயிரத்துச் சொச்சம் பேரில், ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு பேர்.

இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். "நீ எப்பம்மா பொறந்த?" என்று கேட்டேன்.

"ஐப்பசி மழைலன்னு அம்மா சொல்லும். சர்டிபிகேட்ல மே இருவதுண்ணா. நீங்க?"

நான் பிறந்தது கார்த்திகை தீபத்தன்று. என் சர்டிபிகேட்டில் ஜூன் இரண்டு. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் பேங்கிலிருந்து வாழ்த்து வரும், வீட்டில் எல்லோரும் சிரிப்போம். இது தெரிந்த இரண்டு பேர்தான் உட்கார்ந்து, பிறந்த தேதி ஒத்துப்போனால் அதே ஆள் என்று முடிவு செய்திருக்கிறோம்.

ரோஜா டாக்டரிடம் போய், "தப்பு என்னுது டாக்டர். நான்தான் அப்படி எழுதுனேன்" என்றாள். கேள்வியை எடுக்கச் சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு நான் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஜனவரிக்குப் பிறகு இப்படிக் கேள்வி கேட்காமலே பழைய அட்டை திறந்த பெயர்கள் நூற்று அறுபது இருந்தன. அவற்றில் யார் அதே ஆள், யார் வேறு ஆள் என்று மிஷினை விட்டுப் பிரிக்க ரோஜா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். "உங்க தெருல இதே பேர்ல வேற யாராவது இருக்காங்களாம்மா?" அதே கேள்வியை அதே பொறுமையோடு கேட்டாள். வல்லத்தில் ஒருவர், செஞ்சிப் பக்கம் ஒருவர் என்று இன்னும் இரண்டு பேர் இப்படி மாட்டியிருந்தார்கள். நல்லவேளை, அவர்களுக்கு வெறும் சொட்டுமருந்தோடு போயிற்று. இடையிடையே எழுந்து வார்டுக்குப் போய் சின்ன லூர்துவோடு உட்கார்ந்துவிட்டு வருவாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் அவள் தொண்டை கட்டிப்போய் வெந்நீர் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் டாக்டரிடம் மிச்சத்தையும் சொன்னேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "என்கிட்ட ஏன் சொல்றீங்க? இன்னைக்குக் காலைல ஆப்பரேஷன் முடிஞ்சிடுச்சி, நாளைக்கு கட்டு பிரிக்கிறேன். அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரலைக் காட்டிக் காட்டிக் கேட்டார். நேரே இருந்ததெல்லாம் சின்ன லூர்து சொல்லிவிட்டார். ஓரத்தில் காட்டியது தெரியவில்லை. அது போனது போனதுதான், முதல் தடவை வந்தபோதே செய்திருந்தால் போயிருக்காது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். ரோஜா கட்டில் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "அந்தக் கேள்வி திரும்ப வெச்சிட்டேம்மா. இனிமே கேக்காம திறக்காது" என்று அவள் சொன்னது சின்ன லூர்துவுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் அவள் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

நான் முன்னால் போய் நின்றேன். "ரெண்டு தடவ உங்கள தொரத்துனது நான்தாம்மா. அந்தப் பொண்ணு கேக்கறதுக்கு வழி பண்ணி வெச்சிருந்தா. வேணாம்னு எடுக்க சொன்னதும் நான்தான்."

அவர் கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அது? கொரல கேட்டு நெட்டையா, பெரிய மீசை வெச்ச ஆளா இருப்பன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எனக்கு அப்போ கண்ணு தெரியல தம்பி. உனக்கு இன்னா?"

அவர் முகமெல்லாம் சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு. ஒருமுறை பார்த்த யாருக்கும் மறக்காத முகம். நான் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.