ஒருத்தருக்குத்தான் அனுமதி

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டக் கற்றவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். ஆனால் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிகிறவர் வங்கி மேலாளராக இருந்தாலும் சரி, காய்கறிக் கடைக்காரராக இருந்தாலும் சரி, பக்கத்து இருக்கையிலிருந்து "மெதுவாம்மா, மெதுவாய்யா" என்பார். ஆகவே அவர் மெதுவாம்மா ஆகிவிட்டார். தன் காலடியிலும் ஒரு பிரேக் பொருத்திய பயிற்சி வண்டிதான் அவருக்கு வேலையிடம். யாராவது கிளட்ச்சைப் படக்கென்று விட்டு, வண்டி குதித்து நின்றுபோனால், "பரவால்ல, நின்னா பயமில்ல. ஓடுனாத்தான் பயம்" என்று சிரிப்பார்.

நோய் பரவி எல்லாம் மூடிக் கிடந்தபோது பயிற்சிப் பள்ளியும் மூடியது. பிறகு திறந்தார்கள். நான்கு ஜன்னலையும் இறக்கி, முகக்கவசம் போட்டுத்தான் வகுப்பு. இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே முதலாளி ஒரு பிளாஸ்டிக் திரையை வேறு தொங்கவிட்டிருந்தார். கியர் மாற்றும்போதெல்லாம் அது மாற்றுகிறவர் கையில் சுற்றிக்கொண்டது.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து மகள் போன் செய்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். மருமகனுக்கு மருந்துக் கிடங்கில் வேலை. அந்தச் சமயத்தில் அங்கே லீவு என்ற பேச்சே கிடையாது.

"பிரசவத்துக்குன்னா குடும்பத்துல ஒருத்தர் வரலாமாம்மா. ஒருத்தருக்குத்தான் அனுமதி. நீ வந்துடு."

"வர்றேண்டி, வராம?" என்று வாய் முந்திக்கொண்டது. போனை வைத்த பிறகுதான் எதிரே உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முந்தைய வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இந்த நோய் வந்தால் அவர் உடம்பு தாங்காது, வெளி ஆள் யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். துணைக்கு ஒருவரைக் கொண்டுவந்து வைக்கவும் வழியில்லை.

"நீ போய்ட்டு வா. எனக்கென்ன, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

"என்னத்தப் பாத்துப்பீங்க? வெந்நீரக்கூடக் கருக விடற ஆளு நீங்க."

"வெந்நீர் கருகி எங்க பாத்த நீ?"

சிரித்தார்கள். ஆனால் விஷயம் சிரிப்போடு போகவில்லை. போனால் திரும்பி வர விமானம் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இன்றைக்குப் பறக்கும் என்பார்கள், நாளைக்கு ரத்து என்பார்கள். காலையில் போகலாம் என்று மனசு வந்தால் மெதுவாம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்குவார். சாயங்காலம் மாடிப்படி ஏறி வந்த கணவர் நெஞ்சில் கைவைத்து நிற்பதைப் பார்த்தால், பெட்டி மறுபடி பரணுக்குப் போகும்.

"நீ போறியோ இல்லையோ, அந்தப் பெட்டி தினமும் பயணம் போய்ட்டு வருது" என்றார் கணவர்.

வேலையிலும் நிதானம் தப்பியது. ஒரு நாள் நாற்சந்தியில் வண்டி நகராமல் உறுமிக்கொண்டே நின்றது. பின்னாலிருந்தவர்கள் ஹாரனை விடாமல் அடித்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கல்யாண போட்டோகிராஃபர். கல்யாணங்கள் நின்றுபோனதால் டெலிவரி வேலைக்குப் போவதற்காக வண்டி கற்றுக்கொண்டிருந்தார்.

"மெதுவாய்யா, மெதுவா, கிளட்ச்ச விடுங்க" என்று இவர் சொல்ல, அவர் தயங்கித் தயங்கி, "அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்கதான் உங்க பக்கத்து பிரேக்ல கால வெச்சிருக்கீங்க" என்றார்.

குனிந்து பார்த்தார். உண்மைதான். அன்றைக்கு அடுத்த இரண்டு வகுப்புகளையும் ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வாசலில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். மருமகனின் அம்மா. ஊரின் அந்தக் கோடியில், துணிகளைப் பிரித்துச் சரிசெய்து தைத்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தார். கணவர் இல்லை. மகன் ஒருவன்தான். பயந்த சுபாவம் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்டில் ஏறமாட்டார். பஸ்ஸில் போனால் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

"உள்ள வரல சம்பந்தி. அண்ணனுக்கு ஆகாது" என்று சொல்லி, ஒரு துணிப்பையைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பை நிறையக் குழந்தைச் சட்டைகள். நீங்கள் போகும்போது எடுத்துப்போங்கள் என்றார். முடிச்சு பக்கவாட்டில்தான் வரும், தொப்புளில் உறுத்தாது. தையல் வெளிப்பக்கம் வைத்தது வேண்டுமென்றேதான். கழுத்து நின்ற பிறகு போட வேண்டியவை அடியில் இருக்கின்றன.

மெதுவாம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சம்பந்தி பேசிக்கொண்டே போனார்.

"நடுவுல ஒரு ஊர்ல ஃப்ளைட் மாறணுமாம். அங்க நகர்ற படிக்கட்டு இருக்காம். ஆனா பக்கத்துலயே சாதாப் படியும் இருக்காம், கேட்டுட்டேன். அந்த ஆஸ்பத்திரியில வெளியாளுக்குச் சாப்பாடு கிடையாதாம், நம்மதான் ஏதாவது கொண்டு போய்க்கணும். குளிருக்குக் காது மூடறாப்புல..."

சட்டையை மடித்துக்கொண்டிருந்த மெதுவாம்மாவின் கை நின்றது.

"சாதாப் படி இருக்கான்னு யாருக்காகக் கேட்டீங்க? நான் நகர்ற படியில ஏறுவேனே."

"சும்மாத்தான்."

"சம்பந்தி, நீங்க போறீங்களா?"

அவர் முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, மணி கேட்டால் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "என்னை யாரு கேட்டாங்க?"

கேட்கவே இல்லைதான். பெற்ற மகன் கேட்கவில்லை, மருமகள் கேட்கவில்லை. இத்தனை நாள் பெட்டியை ஏற்றி இறக்கிய மெதுவாம்மாவுக்கும் தோன்றவில்லை.

"பயமா இருக்காதா?"

"பயம்தான். பயந்தா ஏத்த மாட்டாங்களா என்ன? பயந்துக்கிட்டே உக்காந்து போறேன்."

மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் அழுதாள்.

"அத்தை நல்லவங்கம்மா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவங்ககிட்ட நான் கத்த முடியுமா? தலைகூட வாராம படுத்துக் கிடக்க முடியுமா? எல்லாத்துக்கும் 'சரிங்க அத்தை'ன்னுல்ல சொல்லணும்!"

"கத்தணும்னா எனக்குப் போன் போட்டுக் கத்து."

"உனக்கு அப்பாதான் முக்கியம்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமாண்டி. இப்போ அப்பாதான்" என்றார் மெதுவாம்மா. மகள் போனை வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்கக் கூப்பிடவில்லை.

சம்பந்தியை விமான நிலையத்துக்குப் பயிற்சி வண்டியில்தான் கூட்டிப்போனார். வழியெல்லாம் பின் இருக்கையில் கண்ணை மூடியபடி வந்தவர், இறங்கியதும் கண்ணாடிக் கதவைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும் என்று பயந்தாரோ என்னவோ, திரும்பவே இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. மகளின் கோபம் அதற்கு முன்பே கரைந்திருந்தது. சொன்னபடியே போன் போட்டுக் கத்தினாள். "உன் சம்பந்தி ஜன்னலத் திறக்க விடமாட்டேங்கறாங்க. நான் இருமினா வந்து நிக்கறாங்க. நான் சாப்பிடறத உக்காந்து பாக்கறாங்கம்மா!" மெதுவாம்மா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். நாள் போகப் போகக் கத்தல் குறைந்தது. பிறகு, "அத்தையும் நானும் படம் பாத்துட்டிருக்கோம், அப்புறம் பேசட்டா?" என்று வைத்துவிட ஆரம்பித்தாள். நல்லதுதானே என்று மெதுவாம்மா சொல்லிக்கொண்டார். ஆனாலும் போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பார்.

இங்கே கணவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குவதும் குறைந்திருந்தது. ஒரு மத்தியானம் மெதுவாம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஒண்ணுமே ஆகலையே. நான் போயிருக்கலாம்" என்றார்.

"நான் நல்லா இருக்கறது உனக்கு ஏமாத்தமா இருக்கா?" என்றார் கணவர்.

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது. கணவர் எழுந்து வந்து, கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கினார்.

விமானங்கள் மறுபடி நின்றன, மறுபடி ஓடின. சம்பந்தி ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. தடுப்பூசி வந்து, டாக்டரும் தலையாட்டி, கணவர் சோறு வடித்து ஒரு குழம்பும் வைக்கப் பழகிய பிறகு மெதுவாம்மா கிளம்பினார். அங்கே அவரை அழைத்துப்போகக் குழந்தையோடு வந்தவர் சம்பந்திதான். சீட்டு வாங்கி, ரயில் மாறி, எந்த வாசல் வழியாகப் போனால் பக்கம் என்றுகூடச் சொன்னார். குழந்தை மெதுவாம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சம்பந்தியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பழகிடும் சம்பந்தி" என்றார் அவர். கொஞ்சம் சங்கடப்பட்டுத்தான் சொன்னார்.

இரண்டு பேரும் சில வாரம் ஒன்றாக இருந்தார்கள். பிறகு, கடையைத் திறக்க வேண்டும் என்று சம்பந்தி ஊருக்குக் கிளம்பினார். மகனோடு அவர் டாக்ஸியில் ஏறியபோது குழந்தை ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து வீறிட்டு அழுதது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் மெதுவாம்மா மட்டும்தான்.

பொம்மையைக் காட்டவில்லை, வேடிக்கை காட்டவில்லை. டாக்ஸி போன தெருவைப் பார்த்தபடி குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஆமாண்டா, போயிட்டாங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். அது அவரை உதைத்தது, திமிறியது. அப்புறம் விக்கியது. கடைசியில் ஈரக் கன்னத்தோடு அவர் தோளிலேயே தூங்கிப்போனது.

மகள் வந்து கதவைத் திறந்தபோது அவர் இன்னும் ஜன்னலருகேதான் நின்றிருந்தார். "கை மரத்திருக்குமே, குடும்மா" என்று மகள் கையை நீட்டினாள்.

"இரு, இப்பத்தான் அசந்து தூங்குது" என்றார்.