மாமா தொடக்கூடாத தண்ணி

மாமா வந்து இறங்கிய அன்றைக்கே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. இன்றைக்கும் அம்மா அவருக்கு முதலில் சோறு போட்டால் எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

அவர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர், நடுவில் பல மாதம் தகவலே இல்லாமல் போய், ஒரு மத்தியானம் லுணுகலை பஸ்ஸில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார். மஞ்சள்காமாலை, ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வருகிறான் என்று அம்மா வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கச் சொல்லிவைத்தாள்.

அதுவரை அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை நான்தான். எங்கள் கோழி முட்டை போட்டால் அது எனக்கு. மாமா வந்த மறுநாளே முட்டை அவர் தட்டுக்குப் போய்விட்டது. அடுப்புப் பக்கத்துச் சூடான இடம் போனது, அம்மாவின் கம்பளி போனது. அம்மா மலையிலிருந்து வந்து கொழுந்துக்கூடையை இறக்கியதும் முதல் கேள்வி, தம்பி சாப்பிட்டானா என்பதுதான். பள்ளிக்கூடம் போய்வந்த ஒருத்தி அங்கே நிற்பது அவள் கண்ணில் படவே படாது. மீசை முளைத்த மனுஷனுக்கு இத்தனை செல்லம் எதற்கு?

அம்மா போதாதென்று லயத்தின் கடைசி வீட்டுப் பெரியம்மாவும் சேர்ந்துகொண்டார். காமாலைக்குக் கைகண்ட மருந்து என்று தினமும் கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்து, மாமா குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். மாமாவும் முகம் கோணக்கோண அதைக் குடிப்பார். எனக்கு அதிலும் வயிற்றெரிச்சல். எனக்குக் காய்ச்சல் வந்தபோது யார் என்ன அரைத்தார்கள்?

ஒரு சாயங்காலம் அடுப்படியில் அம்மா அப்பாவிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

"இனிமே அவன் தண்ணியத் தொடக்கூடாதுங்க. தொட்டான்னா எல்லாம் போச்சு."

எங்கள் லயத்தில் சாராயத்தைச் சாராயம் என்றும், களவாகக் காய்ச்சுவதைக் கசிப்பு என்றும் பச்சையாகவே சொல்வார்கள். தண்ணி என்று அம்மா பூசி மெழுகியது எனக்குப் புரியக்கூடாது என்பதற்காக. எனக்கோ நன்றாகவே புரிந்துவிட்டது, குடத்துத் தண்ணீரைத்தான் சொல்கிறாள் என்று. ஓகோ, அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் தூக்குவது நான். விடிந்ததும் அம்மாவும் அப்பாவும் பெரட்டுக்கு ஓடிவிடுவார்கள், வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில் பிந்தி நின்றால் ஏச்சு விழும். நான் கேனைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி, அட்டைக்கடி வாங்கி, பீலிக்குப் போகவேண்டும். மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடம் அது. ஒருநாள் மாமா தானே குடத்தை எடுத்தார். அம்மா பாய்ந்துவந்து பிடுங்கி, நீ அந்தப் பக்கமே போகாதே, பாப்பா போய்வரும் என்றாள். அதே மாமா பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி குடிக்கிறார், குளிக்கிறார். தூக்குவதற்கு மட்டும் தண்ணீர் ஆகாதாம்! என்ன அநியாயம் இது?

ஞாயிற்றுக்கிழமை பீலியில் ஒரே கூட்டம். நான் கேனோடு வரிசையில் நின்றேன். பெரியம்மா என்னைப் பார்த்ததும், நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காமல், மாமாவுக்கு இப்போது எப்படி என்று கேட்டார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவருக்கென்ன? மாமா தண்ணியத் தொடக்கூடாதாம். தொட்டா எல்லாம் போச்சுன்னு அம்மா சொல்லுச்சு. அதான் நான் கெடந்து தூக்குறேன்."

எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள் என்று பார்த்தேன். யாரும் கொட்டவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். இதுதானா அந்தக் காமாலை என்றாள் இன்னொருத்தி.

நான் வீட்டுக்குப் போவதற்குள் சேதி போய்விட்டது. அம்மாவின் கையில் விறகுக்கட்டை இருந்தது. அடிக்கத்தான் எடுத்திருப்பாள். ஆனால் அதைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

"குடிகாரன்னு ஒருக்கா பேரு வந்துட்டா, குடிக்காட்டியும் அந்தப் பேரு போகாதே. இவனுக்கு இனி எவன் வேல குடுப்பான், எவன் பொண்ணு குடுப்பான்?"

அந்தத் தண்ணி வேறு தண்ணி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மாமா எழுந்து குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். எங்கள் லயத்தில் ஆம்பிளைகள் தண்ணீர் தூக்கமாட்டார்கள், தூக்கினால் ஊரே கேலி செய்யும். என்னை மட்டும் வா என்று கூப்பிட்டுக்கொண்டு நேரே பீலிக்குப் போனார். பொம்பளைகள் விலகி வழி விட்டார்கள். குடத்தை வைத்துவிட்டு அவர் பெரியம்மாவிடம் சொன்னார்:

"காமாலை இல்லக்கா. குடிதான். அதுவும் ஒரு வருத்தம், நோய்தான்னு சொல்லி ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தாங்க. அதச் சாப்பிட்டு முடிச்சுத்தான் வந்திருக்கேன்."

பெரியம்மா இடுப்பில் கையை வைத்தார். "அப்ப இத்தன நாளா நான் அரைச்சுக் குடுத்த கீழாநெல்லி?"

"அதுக்குச் சாராயமே தேவலக்கா."

பீலியே சிரித்தது. போச்சுடா, இவர்களையும் மடக்கிவிட்டார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் பெரியம்மா கீழாநெல்லி இல்லாமல் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் தன் மகனைப் பற்றி வெகுநேரம் பேசினார். போகும்போது மாமாவிடம், அவர் மருந்து எடுத்த அந்த இடத்துக்கு எந்த பஸ்ஸில் போகவேண்டும் என்று கேட்டார். அடுத்த வாரம் மாமாவே பெரியம்மா வீட்டு அண்ணனைக் கூட்டிப்போய் அங்கே சேர்த்துவிட்டு வந்தார். எனக்கு ஒரு பஸ் பயணம்கூடக் கிடைக்கவில்லை.

அதன்பிறகு தண்ணீர் தூக்குவது மாமாவின் வேலையானது. ஆனால் நானும் கூடப் போயாக வேண்டும். எதற்கு என்று கேட்டால் பேச்சுத்துணைக்கு என்பார். பாதையில் வாழைமரங்கள் நிற்கிற ஒரு திருப்பம் உண்டு. அதற்குப் பின்னால் கசிப்புக் காய்ச்சும் குடிசை. புளித்த வாடை பாதைவரைக்கும் வரும். சிலநாள் உள்ளேயிருந்து மச்சான் என்று யாராவது கூப்பிடுவார்கள். அந்த இடம் வந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொள்வார். அதுவரை சிரிக்கச்சிரிக்கக் கதை சொன்னவர் வாயை மூடிக்கொள்வார். பிடி இறுகிக்கொண்டே போகும். திருப்பத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டுக் கதையைத் தொடர்வார்.

வாடை பிடிக்காமல் இப்படிச் செய்கிறார் போல, அதற்கு மூக்கைப் பொத்தவேண்டியதுதானே என்று நினைத்தேன். ஒருநாள் சிவந்துபோன விரல்களைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டி அழுதேன். மாமாவுக்கு இன்றைக்காவது ஏச்சு விழும் என்று ஆசையாகக் காத்திருந்தேன். அம்மா என் விரல்களை வாயருகே வைத்து ஊதினாள்.

"எவ்வளவு வலிச்சாலும் அந்த எடத்துல மட்டும் நீ கைய விட்றாத, கண்ணு."

நசுங்கியது என் விரல். அதற்கும் அம்மாவுக்கு மாமாவின் கவலைதானா என்று அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.