இளக்கிய கித்தான்

வேளிக் காயலைக் கடக்கும் வள்ளத்தில் ஆறு ஆண்டுகள் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போய்வந்தேன். ஓணப் பரீட்சை நடக்கும்போது விடைத்தாள்களைத் திருத்துவதற்காக மாலை வள்ளத்தில் வலியசாலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவை நனையாமல் கரை சேர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வள்ளத்தின் வளைந்த மூங்கில் கூரையிலிருந்து இரு பக்கமும் தொங்கிய கித்தான் திரைகள் இரண்டு மழைக்காலமாகக் கிழிந்து கிடந்தன. படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் மூன்று முறை சொன்னேன்.

"மழயல்லே டீச்சரே, அது நிக்கும்" என்றார் மூன்று முறையும்.

நானே தைத்தேன். ஒட்டுப் போடும் புதுத் துண்டை முதலில் இரண்டு முறை நனைத்து உலர்த்தினேன். இல்லாவிட்டால் பிறகு சுருங்கிப் பழைய துணியையும் இழுத்துக் கிழிக்கும். கிழிசலைவிட மூன்று விரல் அகலமாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, மெழுகிட்ட நூலைக் கோணி ஊசியில் கோத்து இரட்டை வரி ஓட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பிறகு விளிம்பில் கயிறு கோக்கப் பித்தளைக் கண்கள் பதித்து, பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டுகளாகப் பருத்திக் கயிற்றால் மூங்கிலில் கட்டினேன். அந்தக் கயிறு நனைந்தால் இறுகும். அப்படியே விட்டால் கண்கள் பிய்ந்துவிடும். ஆகவே கழி ஊன்றும் வள்ளக்காரரிடம் சொன்னேன்:

"மழை வந்தா கட்டு எல்லாம் இளக்கி விடணும், கேட்டோ?"

"அது ஞான் ஏற்று, டீச்சரே."

அந்த வெள்ளிக்கிழமை நடுக்காயலில் மழை பிடித்தது. என் மடியில் நாற்பத்தொரு விடைத்தாள்கள். வள்ளக்காரர் கழியைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்துக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். திரை மொத்தமாகச் சரிந்து தண்ணீரில் விழுந்தது.

"என்ன செய்யறீர்!"

"இளக்குகயா! டீச்சரல்லே பறஞ்ஞது?"

"தளர்த்தச் சொன்னேன். கழட்டவா சொன்னேன்?"

"இளக்குக என்னு பறஞ்ஞால் இளக்குக தன்னே."

எதிரே இருந்த மீன்காரி வாய்விட்டுச் சிரித்தாள். "டீச்சரு மழ கொள்ளான் தைச்ச திரையாணு!" மழையில் நனையவே நான் தைத்த திரையாம்.

எங்கள் தெருத் தமிழில் இளக்குவது தளர்த்துவது. மலையாளத்தில் அது பெயர்த்தெடுப்பது. இரண்டையும் தினமும் பேசுகிற எனக்கு இது தோன்றவில்லை. அந்தக் கோபம் என்மேல். ஆனால் மழை வந்ததும் திரையை அகற்று என்று ஒருத்தி சொல்வாளா என்று அந்த மனிதர் ஒரு நொடி யோசித்திருக்க வேண்டாமா? இருபது வருடமாக அதே காயலில் மழையைப் பார்த்தவர்!

ஏழு தாள்களில் மை கரைந்து ஓர் எழுத்தும் தெரியவில்லை. தலைமையாசிரியர் தாள்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வாயிக்கான் பற்றில்லெங்கில் பூஜ்யம் இட்டோளூ, டீச்சர்."

"பிள்ளேரு எழுதி, சாரே. நனச்சது ஞானாணு."

படிக்க முடியாத தாளுக்குப் பூஜ்யம்தானாம்; மறுதேர்வுக்கு விதியில் இடமில்லையாம். எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம் போட மட்டும் எந்த விதியில் இடமிருந்ததோ! திங்கட்கிழமை மதியம் ஏழு பேரையும் மறுபடி எழுத வகுப்பில் உட்காரவைத்தேன். ஆபீஸில் தாள் தர மறுத்தார்கள். என் நாட்குறிப்பின் வெற்றுப் பக்கங்களைக் கிழித்துக் கொடுத்தேன். எழுதி முடித்த ஒருத்தி தாளைத் தராமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது வள்ளத்தில கொண்டுபோகண்டா, டீச்சரே."

ஏழையும் அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன்.