பாதியாய்க் கிடைத்த விக்கெட் காப்பாளர்

நான் படம் சேர்ப்பது ஒரே ஒரு விக்கெட் காப்பாளருக்காக. நாட்டுக்காகச் சில ஆட்டங்கள்தான் ஆடினார். துடுப்பெடுத்தால் பத்து ஓட்டங்களைத் தாண்டுவது அபூர்வம். அதனாலேயே எல்லோரும் அவரை மறந்துவிட்டார்கள். பள்ளிக்கூட நாட்களில் மைதான வேலியோரம் நின்று அவரைப் பார்த்தவன் நான். சுழற்பந்து அவர் கையுறைக்குள் விழும் சத்தமே கேட்காது.

அந்தக் காலத்தில் சுவிங்கம் பக்கெட்டுக்குள் வீரர்களின் படம் போட்ட அட்டைகள் வரும். அவருக்கு நான்கு அட்டைகள். மூன்று வெள்ளவத்தையில் என் அலுமாரியில் இருக்கின்றன. நான்காவது கொட்டாஞ்சேனையில் ஒருவரிடம் இருப்பது, பழைய பொருள் சேர்ப்பவர்களின் கைபேசிக் குழுவில் தெரியவந்தது. அந்த மனிதருக்கும் எனக்கும் ஏற்கெனவே ஆகாது. என் விக்கெட் காப்பாளரைப் பற்றி நான் எதை எழுதினாலும், கீழே வந்து நக்கலடிப்பவர் அவர்தான்.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டியவர். கதவைப் பாதிதான் திறந்தார்.

"நீர்தானே அந்த வெள்ளவத்தை ஆள்?"

"ஓம் ஐயா. அந்தப் படக் காட்டை ஒருக்காப் பாக்கலாமோ? மாத்திறதுக்கு என்னட்ட நல்ல காட் கிடக்கு."

உட்காரச் சொல்லவில்லை. உள்ளே போய் எடுத்து வந்து நீட்டினார். விக்கெட் காப்பாளர் பெய்ல்ஸைத் தட்டிவிடும் படம். முகம் முழுக்க நீலப் பேனையால் கிறுக்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

"ஆர் இப்பிடிச் செய்தது?"

"நான்தான். அப்ப எனக்கு இருவத்தாறு வயசு."

இவரும் படத்திலிருந்தவரும் ஒரே கிரிக்கெட் கழகமாம். இருவரும் விக்கெட் காப்பாளர்கள்; அணியில் இடம் ஒருவருக்குத்தான்.

"மூண்டு வருஷம் அவனுக்குத் தண்ணி கொண்டு ஓடினனான். காய்ச்சல் எண்டாலும் இடத்தை விடமாட்டான். போத்துக்கொண்டு வந்து, போர்வையைக் கழட்டி என்ர கையில தந்திட்டு இறங்குவான்."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். அந்தக் கிறுக்கல்தான் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

"அவர் உங்களை விடத் திறமான ஆள். அதுதான் விளையாடினவர்."

"நான் பிடிச்சதை நீ பாத்தனியோ?"

"இல்லை."

"பாக்காம என்னெண்டு சொல்லுவாய்?"

பதில் இல்லாததால்தான் அடுத்ததைச் சொன்னேன்:

"உங்கட படத்தை ஒருத்தரும் காட்டில போடேல்லையே."

சொன்னவுடன் அவர் அட்டையை என் கண்முன்னே குறுக்கே கிழித்தார்.

"இந்தா, பாதி. கொண்டு போ. இனி இந்தப் பக்கம் வந்தியெண்டால் காலை முறிப்பன்."

எனக்குக் கிடைத்தது கால்களும் ஸ்டம்புகளும். முகம் அவரிடம். படியிறங்கும்போது பின்னால் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

சில மாதங்கள் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். வணக்கம்கூட இல்லை.

"அந்தக் கால் பக்கத்தைத் தாரும். ஒட்டி வைக்கப் போறன்."

"முகத்தை நீங்கள் தாங்கோ. நான் ஒட்டுறன்."

"கிறுக்கினது நான். முகம் என்னோடதான் இருக்கும்."

இரண்டு பேரும் கத்தினோம். நான்தான் முதலில் துண்டித்தேன். அன்று அவர் வீட்டில் நான் சொன்னது பிழை என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் தடுத்து வைத்திருக்கிறேன்.